மண்டிக்கார அம்மாவும் காலி வேகனும்

காலியாக எது கிடந்தாலும் அவருக்குப் பொறுக்காது. தண்ணீர் இல்லாத குடம், ஆள் ஏறாத மாட்டுவண்டி, மூட்டை வைக்காத தராசு, எதைக் கண்டாலும் முகம் சுருங்கிவிடும். ஒரு நாள் நான் சட்டைப் பையில் பேனா இல்லாமல் நின்றேன். "ஏனுங்க சாமி, பை சும்மா கெடக்குது?" என்று கேட்டார். மடியிலிருந்து ஒரு பிடி நிலக்கடலையை எடுத்து அதில் போட்டுவிட்டுப் போனார். அவர் விரல் பட்ட இடத்தில் விழுந்த மஞ்சள் கறை, அந்தச் சட்டை கிழிகிற வரை போகவில்லை.

ஊரில் எல்லாருக்கும் அவர் மண்டிக்கார அம்மா. பெயர் ஒன்று இருந்தது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட ஊரில் ஆள் இல்லை. நானும் சொல்லப் போவதில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே மஞ்சள் மண்டி. கணவர் போன பிறகு அதைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தார். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, வெள்ளைச் சேலை, குரல் மட்டும் இரண்டு ஆளுக்குக் காணும். தாலி அறுத்தவள் மஞ்சள் தொடலாமா என்று ஊரில் சிலர் முணுமுணுப்பதுண்டு. அவருக்கு முழங்கை வரை மஞ்சள். தொழில் அப்படி. முணுமுணுத்தவர்களும் விளைந்ததை அவர் மண்டிக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

நான் அங்கே சரக்குக் குமாஸ்தா. சொந்த ஊர் சேலம் டவுன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம். சேலம் ஜங்ஷனில் கிளம்பி, ராசிபுரத்தைத் தொட்டு, நாமகிரிப்பேட்டைக்குச் சற்று முன்னால் வந்து நின்றுவிடும் சின்ன லைன் ஒன்று அப்போது இருந்தது. சரக்குக்கு மட்டும். ஆட்கள் ஏறக் கூடாது, ஏறுவார்கள். எஞ்சின் மேட்டில் மூச்சு வாங்கும்போது இறங்கிக் கூடவே நடந்து பீடி பற்றவைத்துக்கொண்டு மறுபடி ஏறிக்கொள்வார்கள். உப்பு, சீமையெண்ணெய், ராசிபுரம் தறிகளுக்கு நூல், இவையெல்லாம் அந்த லைனில் வரும். மஞ்சளும் கடலையும் போகும். எங்கள் ஸ்டேஷன்தான் லைனின் கடைசி.

நாங்கள் குடிவந்த வாரமே அவர் வீட்டிலிருந்து ஒரு வெண்கலக் கிண்ணத்தில் ஒப்புட்டு வந்தது. பருப்பும் வெல்லமும் வைத்த போளி, நெய் சொட்டச் சொட்ட இருந்தது. என் மனைவி கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று கழுவி அனுப்பிவைத்தாள். அன்று மாலையே அவர் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க, எங்க மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஐயோ, இல்லையேம்மா!"

"பொறவு ஏனுங்க கிண்ணத்தக் கழுவி வெறுமனே குடுத்துருக்கறீங்க?"

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்திலும் உள்ள பழக்கம்தான். ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். ஆனால் சர்க்கரை டப்பா எந்த மூட்டைக்குள் இருக்கிறது என்றே என் மனைவிக்குத் தெரியாத சமயம் அது. அதைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"ஒறவு வேண்டாமுன்னாத்தான் சாமி கழுவிக் குடுப்பாங்க. நானே ஒருக்காக் குடுத்துருக்கறேன். என்ற அண்ணன் சேலத்துல செவ்வாய்ப்பேட்டையில மண்டி வெச்சுருக்கறான். ஊட்டுக்காரரு செத்த பொறவு, மண்டிய மூடிப்போட்டு வந்து என்ற ஊட்டு மூலையில உக்காருன்னு சொல்லிப்போட்டான். அவன் பலகாரம் குடுத்துட்ட தூக்கப் பளிச்சுன்னு கழுவி அனுப்பிச்சேன். அதோட சரிங்க, பேச்சுவார்த்தையில்ல."

அண்ணனைப் பற்றிப் பேசும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது. என் மனைவி கிண்ணத்தை மறுபடி வாங்கி, தேடிப்பிடித்த சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள்.

இப்படிப்பட்டவர் வாசலுக்கு எதிரே தினமும் காலி வேகன்கள் போனால் எப்படி இருக்கும்? மஞ்சள் காலத்தில் கவலை இல்லை. மற்ற மாதங்களில் உப்பும் எண்ணெயும் இறக்கிவிட்டு வேகன்கள் லொடலொடவென்று வெறுமையாகத் திரும்பும். அந்தச் சத்தம் அவருக்கு ஆகாது. மண்டியை விட்டு இறங்கி வந்து என் மேஜைக்கு முன்னால் நிற்பார்.

"உப்புக் கொண்டாந்து குடுத்த வண்டிங்க சாமி. வெறுங்கையோட அனுப்பறது மொறைங்களா?"

"அம்மா, அது கம்பெனி வண்டி. விருந்தாளி இல்லை."

"கம்பெனின்னா மனுசங்க இல்லாம நடக்குமுங்களா?"

அவர் பதிலுக்குக் காத்திருந்தது கிடையாது. நேரே கிளம்பிப் போய் யாரையாவது பிடித்துவருவார். கொல்லிமலையிலிருந்து பலாப்பழம் இறக்குகிறவர்கள், புளி அடிக்கிறவர்கள், துடைப்பம் கட்டுகிறவர்கள் எல்லாரையும் அதட்டி ஸ்டேஷனுக்குத் திருப்பிவிட்டவர் அவர்தான். செம்மறி ஆட்டுக்காரன் ஒருவனையும் பேசிச் சம்மதிக்கவைத்தார். வேகன் நிறைய ஆடு ஏற்றியாயிற்று. வழியில் மேட்டில் எஞ்சின் நடையாக ஏறியபோது, முன்னால் நின்ற கிடாய் குதித்துவிட்டது. ஒன்று போனால் செம்மறி எல்லாம் போகும். வேகன் ராசிபுரம் போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஆட்டுக்காரன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

வைக்கோல் ஏற்றிய கதை இன்னும் மோசம். வேண்டாம் அம்மா, எஞ்சின் நெருப்பைக் கக்கிக்கொண்டு போகும் என்று டிரைவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். கேட்கவில்லை. பாதி வழியில் பொறி பட்டு வேகன் ஜெகஜோதியாக எரிந்தது. பக்கத்துக் கிணற்றிலிருந்து நீர் இறைத்து அணைத்தார்கள். டிரைவர் கரி அப்பிய முகத்தோடு மண்டி வாசலுக்கு வந்து கத்து கத்தென்று கத்தினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டு அம்மா சொன்னார்: "அடுத்தவாட்டி நனைச்சு ஏத்தலாமுங்க."

எனக்கு எரிச்சலாக வரும். ஒழுங்கான வேலையைக் குட்டிச்சுவராக்குகிறாரே என்று வீட்டில் வந்து பொரிந்து தள்ளுவேன். என் மனைவி சிரிப்பாள். இரண்டு நாள் அவர் மண்டி பூட்டிக் கிடந்தால், ஏன் என்று விசாரித்துவரச் சொல்வதும் நான்தான்.

அப்படி இருக்கும்போது மேலிடத்திலிருந்து செய்தி வந்தது. இந்த லைனில் வருகிற சரக்கு சரி, திரும்புகிற சரக்கு போதவில்லை. ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அவர் பார்க்கிறபோதும் வேகன் காலியாகத்தான் திரும்புகிறது என்றால் லைனை மூடிவிடுவார்கள்.

மூடினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். மஞ்சளை மாட்டுவண்டியில் சேலம் வரை ஓட்ட வேண்டும். மாடு நாக்குத் தள்ளிப்போகும், வழியில் மழை பிடித்தால் சரக்கு கறுத்துப்போகும். அரை வண்டி, கால் வண்டி விளைவிக்கிற சின்னக் குடியானவர்கள் மஞ்சளை விட்டுவிட்டுக் கம்புக்குத் திரும்ப வேண்டியதுதான். மண்டியும் படுத்துவிடும். அண்ணன் சொன்ன மூலை அவருக்காகக் காத்திருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்தது.

அதிகாரி வருவதற்கு முன் ஒரு வாரம் அவரை மண்டியில் பார்க்க முடியவில்லை. சுற்றுப்பட்டில் ஊர் ஊராகப் போயிருந்தார். என்ன சொன்னாரோ, அதை அந்த ஊர்க்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ, அந்த நாள் காலையில் ஸ்டேஷன் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தேன். சீர் வரிசை வருகிறது! முன்னால் மேளக்காரர்கள், பின்னால் தலையில் கூடையும் மூட்டையுமாகப் பெண்கள், ஆண்கள். கொள்ளு, ஆமணக்கு, புளி, ஒரு கூடை கத்தரிக்காய், காலைக் கட்டிய கோழிகள், ஒரு தார் வாழை. வீட்டுக்கு வீடு ஏதோ ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார்கள். வேகனுக்கு மாவிலைத் தோரணம் கட்டி, கதவில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒவ்வொருவராக உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். வைத்துவிட்டு ஒரு கும்பிடும் போட்டார்கள். வேகனில் கால் வைக்க இடம் இல்லை.

அதிகாரி திருச்சிக்காரர், நல்ல மனிதர். தோரணத்தைக் குனிந்து தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே! எல்லாம் எங்க போகுது?" என்று என்னைக் கேட்டார்.

நான் விழித்தேன். யாரும் எனக்கு விலாசம் எதுவும் தரவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு குடியானவர் பெருமையாகச் சொன்னார்: "உங்களுக்குத்தானுங்க!"

"எனக்கா?"

"கம்பெனிக்குங்க. இத்தன வருசமா உப்பும் நூலும் கொண்டாந்து குடுத்தீங்க. வெறுங்கையா அனுப்பலாமுங்களா?"

அதிகாரி சிரிக்கப் போனார். பிறகு அத்தனை முகங்களையும் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார். மண்டிக்கார அம்மாவிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நீங்க அனுப்பறதா யாராவது வாங்கிக்கணும். வாங்கறவங்க பேர் இல்லாம சரக்கை ஏத்த முடியாது. பேர் இல்லேன்னா, கம்பெனியைப் பொறுத்தவரைக்கும் இது காலி வண்டிதான்."

"காலிங்களா?" என்றார் அவர்.

அந்தப் பெரிய குரல் அவ்வளவு சன்னமாக வந்ததை நான் அன்றுதான் கேட்டேன். நிறைந்து வழிகிற வேகனைப் பார்த்தார், மேளக்காரர்களைப் பார்த்தார். சேலைத் தலைப்பை முறுக்க ஆரம்பித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"எழுதுங்க சாமி."

"யார் பேருக்கும்மா?"

"செவ்வாய்ப்பேட்டைங்க. என்ற அண்ணன் மண்டிக்கு."

நான் எழுதினேன். கத்தரிக்காய் முதல் கோழி வரை எல்லாம் அந்த அண்ணன் பெயருக்கு. இத்தனை வருஷம் பேச்சு இல்லாத வீட்டுக்கு, யாரும் கேட்காத ஒரு வேகன் சரக்கு. திருப்பி அனுப்பிவிட்டால் ஊர் முன்னால் தலை நிமிர முடியாது, லைனும் போய்விடும். வேகன் போன பிறகு அவர் மண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த முறை வண்டி வந்தபோது ஸ்டேஷனில் உட்கார இடம் இல்லை. கார்டு கதவைத் திறந்தார். உப்பு மூட்டைகளுக்கு நடுவே, சாக்கில் பொதிந்து, ஒரு பித்தளைத் தூக்கு இருந்தது. மூடியைத் திறந்தால் வாய் வரை கல்கண்டு. எந்தத் தூக்கு என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கூறுகெட்டவன்," என்றார் அம்மா. "கல்கண்டு விக்கிற வெலைக்கு இம்புட்டையுமா அனுப்புவான்!" சொல்லிக்கொண்டே தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. அப்புறம் அண்ணன் ஆள் ஒருவன் வந்து, புளி இத்தனை, ஆமணக்கு இத்தனை என்று மாதாமாதம் கேட்டு வாங்க ஆரம்பித்தான். வேகன்கள் நிறைந்து போயின. லைனை மூடும் பேச்சே எழவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. அது வந்து சில காலத்துக்கெல்லாம் உத்தரவும் வந்தது. தண்டவாளம் வேறெங்கோ தேவைப்படுகிறது, எங்கள் லைனைப் பிடுங்கப் போகிறார்கள்.

"வண்டி நெறஞ்சுதானுங்களே போகுது?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம்மா."

"பொறவு?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். உண்மை அதுதான். அண்ணனும் தங்கையும் சேர்ந்து சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பெரிய அதிகாரியின் பங்களாவுக்குப் போனார்கள். பழைய திருச்சிக்காரர் மாற்றலாகிவிட்டிருந்தார். வாசலில் வெயிலில் காக்கவைத்து, கடைசியில் உள்ளே கூப்பிட்டார்களாம். சண்டை முடிஞ்சதும் திருப்பிப் போட்டுக் குடுப்பீங்களா என்று இவர் கேட்டாராம். அந்த மனிதர் மேஜையில் இருந்த காகிதத்தை நகர்த்தி வைத்தாராம், அவ்வளவுதான். ஊர் திரும்பியவர் அதன் பிறகு என்னோடு பேசவில்லை. என் மனைவியோடும் பேசவில்லை. நானும் கம்பெனி ஆள்தானே. வருத்தமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. உத்தரவு நான் போட்டதா?

கடைசி வண்டி வந்த நாள் நல்ல மஞ்சள் காலம். அவர் மண்டியில் கூரை வரை மூட்டை. பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்ட நேரம். லாரிகள் கரி வாயுவில் ஓடுவதற்காக முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு திணறின, அவையும் கேட்டால் கிடைக்காது. அன்று ஏற்றினால் உண்டு, இல்லாவிட்டால் மாட்டுவண்டிதான். ஏற்றுவதற்கு வசதியாக நான் காலையிலேயே எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஊர்க்காரர்கள் பூவும் தேங்காயுமாக வந்து நின்றார்கள். கடைசி வண்டியை அம்மா எப்படி நிறைத்து அனுப்பப் போகிறார் என்று பார்க்க வந்த கூட்டம் அது.

உப்பு இறங்கியது. அம்மா மண்டியிலிருந்து வந்தார். பின்னால் அவருடைய வேலைக்காரப் பெண்கள். ஒருத்தி கையிலும் மூட்டை இல்லை. துடைப்பமும் தண்ணீர்க் குடமும் வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு வேகனாக ஏறிக் கூட்டினார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். எத்தனையோ வருஷத்து மஞ்சள் தூள் பலகை இடுக்கில் ஏறி இறுகியிருந்தது. அது போகவில்லை. அவரே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டிபோட்டு உட்கார்ந்து தேங்காய் நாரால் தேய்த்தார். நான் பக்கத்தில் போனேன்.

"அம்மா, உங்க மூட்டை எல்லாம் அப்படியே இருக்கே. இன்னைக்கு விட்டா லாரி கிடைக்காதும்மா."

"தெரியுமுங்க."

"உங்களுக்குத்தானே நஷ்டம்?"

தேய்ப்பதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒறவு வேண்டாமுன்னு நாங்க சொல்லுலீங்க சாமி. அவுங்கதான் சொன்னாங்க. செரி, மொறப்படி கழுவிக் குடுத்துப்போடறேன். வண்டிய உடச் சொல்லுங்க."

இறங்கி, வேகன் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். தேங்காய் கொண்டுவந்தவர்கள் உடைக்காமலே எடுத்துக்கொண்டு போனார்கள். வண்டி லொடலொடவென்று போயிற்று. அந்தச் சத்தத்தை எங்கள் ஸ்டேஷன் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. காலி என்று எழுதிவிட்டு மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் அவருடைய மஞ்சள் மாட்டுவண்டியில்தான் சேலம் போனது. பாதி நனைந்தது. அண்ணன் வாங்கிக்கொண்டார்.

எனக்கு ஜோலார்ப்பேட்டைக்கு மாற்றல் வந்தது. சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அலமாரியில் அவருடைய வெண்கலக் கிண்ணம் இருப்பதை என் மனைவி பார்த்தாள். பேச்சு நிற்பதற்கு முன் எப்போதோ பலகாரம் வைத்து வந்தது. சர்க்கரை போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து மண்டிக்கு அனுப்பினாள். வாங்கிக்கொள்வாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

சற்று நேரத்தில் கிண்ணம் திரும்பி வந்தது. மேலே வாழையிலை மூடியிருந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். இலையை நான்தான் எடுத்தேன். நிறைய எள்ளுருண்டை. அவள் உடனே மூட்டையைப் பிரித்து, ஊரிலிருந்து வந்த பேரீச்சம்பழத்தை நிரப்பித் திரும்ப அனுப்பினாள். அது கச்சாயப் பலகாரத்தோடு வந்தது. வண்டிக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, வெயில் ஏறுதுங்க. போலாமுங்களா, இல்ல இன்னிக்குப் பூரா கிண்ணத்தத் தூக்கிட்டு நடக்கறீங்களா?"

எதிரே மண்டி வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். "போயிட்டு வாங்க சாமி!" என்று அந்தப் பழைய குரலில் கத்தினார். "கிண்ணத்தப் பொறவு குடுக்கலாமுங்க!"

என் மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

பிறகு அந்தப் பக்கம் போக வாய்க்கவே இல்லை. அவர் காலமாகிவிட்டார் என்று சேலத்தில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. கிண்ணம் எங்கள் வீட்டில் இருக்கிறது. என் மனைவி அதைக் காலியாக வைப்பதில்லை, சர்க்கரை போட்டு வைத்திருக்கிறாள். திருப்பிக் கொடுக்க வேண்டிய முறை எங்களுடையது.